இரண்டு பட்டை கழற்றிய ஜீப்

என் மாமாவை ஊரில் எல்லோரும் ஜாக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கிதான். ஐம்பத்து மூன்று வயதில் பாதியை ஒரே ஜீப்பின் அடியில் மல்லாந்து படுத்துக் கழித்தவர். அத்தையைக் கேட்டால், "அவர் மூஞ்சி எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்லம்மா. கால் ரெண்டையும் நூறு பேர் கால் நடுவுல வச்சாலும் காட்டிடுவேன்" என்பார்.

காலை ஐந்து மணியிலிருந்து ஒரு மணி வரை மாமாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமும் மருந்தும் படிந்த விரிப்புகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, பிழிந்து, உலர்த்தி, மடித்து அடுக்க வேண்டும். மதியத்துக்கு மேல் ஜீப். ஊரிலிருந்து மலைமேல் குடியிருப்புக்குப் பத்தொன்பது கிலோமீட்டர். முதல் எட்டு தார்ச்சாலை. மீதிப் பதினொன்றைச் சாலை என்று சொன்னால் சாலைக்கே கோபம் வரும். உருண்டைக் கற்கள், மழை அரித்த பள்ளங்கள், நடுவில் பாலம் இல்லாத ஓர் ஓடை. போகும்போது சிமென்ட் மூட்டை, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகங்கள். வரும்போது நோயாளிகள். சில நாட்களில் மேலே ஏறும்போது, ஆஸ்பத்திரியின் பின்வாசலிலிருந்து, திரும்பி நடந்து போக முடியாமல் போனவர்கள். ஆம்புலன்ஸ் தார் முடியும் இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் மாமாவின் ஜீப்பை விட்டால், காலையில் இறங்கி மாலையில் ஏறும் பால் வண்டி மட்டும்தான்.

ஜீப்பை அவர் ஏலத்தில் எடுத்தபோது அதற்குக் கதவு இல்லை, பின்னிருக்கை இல்லை, பிரேக் இருந்ததாகவும் சொல்ல முடியாது. எந்தப் பட்டறையிலும் விடாமல் தானே பிரித்து, தானே பூட்டினார். மலைத்தடத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு உயரம் ஒரு வியாதி. இன்னும் இரண்டு விரற்கடை உயர்ந்தால் அந்தப் பாறை அடியில் தட்டாது, இன்னும் ஒரு சாண் உயர்ந்தால் ஓடையில் தண்ணீர் எஞ்சினைத் தொடாது என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். மாமாவுக்கும் அந்த வியாதி முற்றியிருந்தது. பெரிய டயர் போட்டார். பட்டைகளைத் தாங்கும் கொக்கிகளை நீளமாக அடித்து மாட்டினார். கடைசியில், சிமென்ட் பாரமும் தாங்கட்டும் என்று, பழைய லாரி ஒன்றின் பட்டைகளை வாங்கி, அளவுக்கு வெட்டி, பின்சக்கரங்களின் மேல் பக்கத்துக்கு இரண்டாகச் சேர்த்தார்.

பட்டை என்பது வளைந்த எஃகுத் தகடு. நீளம் குறையக் குறைய ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வண்டிக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டியிருப்பார்கள். பள்ளத்தில் சக்கரம் விழும்போது அது வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எவ்வளவு பட்டையோ அவ்வளவு பலம். அவ்வளவு விறைப்பும்கூட. இருபது மூட்டை ஏற்றினால் வளையும். பாரம் குறைவாக இருந்தால் வளையாது. கல்லில் ஏறும் ஒவ்வோர் அதிர்வும் அப்படியே உள்ளே வரும்.

அந்தப் பட்டைகளை மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினார். புதன்கிழமை என் பெரியப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நெஞ்சுவலி என்று வந்தவர், இரண்டாம் நாளே போய்விட்டார். மாமாதான் தன் அக்கா புருஷனை அந்த ஜீப்பில் மேலே கொண்டுபோனார். பின்னால் ஸ்ட்ரெச்சரில் பெரியப்பா, பக்கத்தில் பெரியம்மா. வேறு பாரம் கிடையாது. பதினொரு கிலோமீட்டரும் பெரியப்பாவின் தலை, முன்னிருக்கைக்குப் பின்னால் இருந்த முன்பக்கத் தகட்டில் இடித்துக்கொண்டே போனது. பெரியம்மா தன் கையைத் தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் கொடுத்துக்கொண்டே வந்தார். மேலே போய் இறங்கும்போது இரண்டு விரல்களில் நகம் கறுத்திருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் ஜீப்பில் ஏறவில்லை. தம்பி வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை.

அப்போது நான் ஊரைவிட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, வேறெங்கோ ஒரு பேருந்து நிலையத்தில் இருந்தேன். செய்தி போனில் வந்தது. ஊர் திரும்ப எனக்கு இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது.

திரும்பி வந்தபோது ஜீப், வீட்டின் பக்கவாட்டுக் காலியிடத்தில் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நின்றிருந்தது. சாக்கை விரித்து அதில் பின்பட்டைகளை நீளவாரியாகப் பரப்பியிருந்தார்கள். அடியில் இரண்டு கால்கள்.

"மாமா, வந்துட்டேன்" என்றேன்.

"ஊர்சுத்தியா? அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடு" என்று குரல் வந்தது.

மூன்று வருடம் கழித்து வந்தவளுக்கு அவ்வளவுதான் வரவேற்பு. அத்தைதான் சமையலறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மேல் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துத்தான் அவர் காலம் தள்ளுகிறார். இப்போது ஊசியில் நூல் கோக்கவே வழியில் போகிறவர்களைக் கூப்பிடும் நிலைமை. பரிசோதனைக்குப் பதினொரு கிலோமீட்டரும் நடந்தே இறங்கி, நடந்தே ஏறினாராம். வலது கண்ணுக்குப் பதினான்காம் தேதி ஆபரேஷன். அதன்பிறகு பத்து நாளைக்கு நடக்கவும் கூடாது, குலுங்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இங்கயே தங்கலாமே?"

"இந்த வீட்டுலயா? உன் பெரியம்மாவா?" என்றார் அத்தை. "பால் வண்டியில போகலாம்னா, அதைப் பார்த்தா நம்ம ஜீப்பே மெத்தை. ஜாக்கி வண்டியில ஏற மாட்டேன், அதுக்குக் கண்ணு போனாலும் போகட்டும்னு சொல்லிட்டாங்க. அதான் இவர் உள்ள போனவர் வெளிய வரல."

பதினான்காம் தேதிக்கு இருபத்திரண்டு நாட்கள் இருந்தன.

மாமா சேர்த்ததை எல்லாம் திரும்பக் கழற்றினார். லாரிப் பட்டைகளை எடுத்தார். நீளக் கொக்கிகளைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினார். அவ்வளவு ஆசையாக ஏற்றிய உயரம் ஒரு சாண் இறங்கிவிட்டது. மிச்சமிருந்த பட்டைகளின் முனைகளை ஒன்றோடொன்று உரசாதபடி அரத்தால் உருட்டி ராவினார். நீலநிறத் தண்ணீர் டிரம் ஒன்றை அறுத்து, அந்தப் பிளாஸ்டிக்கை விரலகலத் துண்டுகளாக வெட்டி, பட்டைகளுக்கு நடுவில் வைத்தார். எஃகு எஃகின் மேல் நகர்வதைவிடப் பிளாஸ்டிக்கின் மேல் சுலபமாக வழுக்கும் என்பது அவர் கணக்கு. நீண்டு சுருங்கும் புது ஷாக் அப்சார்பர்கள் வாங்கினார். சக்கரம் முழுவதும் தொங்கும்போது பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று நான்கு முறை பார்த்தார். இதையெல்லாம் சலவைக்கூடத்திலிருந்து வந்து, சாப்பிட்ட கையோடு, வெளிச்சம் போகும்வரை செய்தார். பேச்சு மிகக் குறைவு. நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அத்தை அவ்வப்போது வந்து, "கால் இருக்கா?" என்று பார்த்துவிட்டுப் போவார்.

சோதனைக்கு மாமா ஒரு வழி வைத்திருந்தார். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றிப் பின்னால் தரையில் வைப்பார். தார் முடியும் இடத்திலிருந்து சரியாக ஒரு கிலோமீட்டர் ஓட்டுவார். பாத்திரத்தில் மிஞ்சிய தண்ணீரை ஆஸ்பத்திரி அளவுக்குடுவையில் ஊற்றிப் பார்ப்பார். பட்டைகளைக் கழற்றும் முன்பு மிஞ்சியது முந்நூறு மில்லி.

"பின்னாடி ஆளில்லாம சோதிச்சா சரியா வராது" என்றார் மாமா, எல்லாம் பூட்டி முடித்த நாளில். "உன் எடை என்ன?"

"ஐம்பத்தி நாலு."

"அத்தானுக்கு அறுபத்தொண்ணு. ஆஸ்பத்திரிச் சீட்டுல போட்டிருந்தாங்க."  பிறகு கருவிப்பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தார். "அது ஏழு கிலோ இருக்கும். நீ படு."

அதே ஸ்ட்ரெச்சரில், தலையை முன்பக்கமாக வைத்து நான் படுத்தேன். வார்களைக் கட்டினார். தார் முடிந்து முதல் கல்லில் சக்கரம் ஏறியது. நான் எத்தனையோ மலைகளில், ஆடுகளோடும் அரிசி மூட்டைகளோடும் லாரியின் மேல் உட்கார்ந்து போயிருக்கிறேன். உட்கார்ந்து போகிறவருக்கு இடுப்பு இருக்கிறது, கை இருக்கிறது. கட்டிப் படுக்க வைத்தவருக்குத் தலை மட்டும்தான் ஆடும். என் உச்சி தகட்டில் இடித்தது. இடிக்கப்போகிறது என்று கழுத்தை விறைத்துப் பிடித்தேன். பிடிக்கப் பிடிக்கப் பலமாக இடித்தது. பெரியப்பா கழுத்தை விறைத்துப் பிடித்திருக்க முடியாது. அந்த ஒரு கிலோமீட்டரில் என்னால் வேறெதையும் நினைக்க முடியவில்லை.

தண்ணீர் முந்நூற்று எண்பது மிஞ்சியது. இருபது நாள் வேலைக்கு எண்பது மில்லி.

மாமா குடுவையைச் சாய்த்துத் தண்ணீரைத் தரையில் கொட்டினார். "வண்டி பழசு. இவ்வளவுதான் போல" என்றார். 

மறுநாள் வியாழக்கிழமை. ஆபரேஷன் சனிக்கிழமை. மதியத்துக்கு மேல் நான் வெளியே வந்தபோது மாமா பின்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அச்சுக்கும் மேல்வளைவுக்கும் நடுவில் சாண் வைத்து அளந்துகொண்டிருந்தார். ஒரு முறை அளந்தார். மறுபக்கம் போய் அளந்தார். பிறகு உள்ளே ஊர்ந்து, பட்டையின் முனையில் இருந்த போல்ட்டை அரைச்சுற்று தளர்த்தினார்.

ஜீப் முனகியது. முனகிக்கொண்டே ஒரு விரற்கடை கீழே இறங்கி உட்கார்ந்தது.

பட்டையின் இரண்டு முனைகளிலும் ரப்பர் புஷ் என்ற சின்ன உருளை உண்டு. அதன் நடுவில் போகும் போல்ட்டை, வண்டி தன் பாரத்தோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். வண்டியைத் தூக்கி வைத்துச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு பாரம் இறங்கியதும் முறுக்கிக்கொண்டு பட்டையை வளைய விடாது. இதை மாமா குறைந்தது பத்துப் பேருக்காவது சொல்லிக்கொடுத்திருப்பார். ஆனால் தனியாக வேலை செய்கிறவருக்கு, வண்டி தூக்கி நிற்கும்போதுதான் ஸ்பேனரைச் சுழற்ற இடம் கிடைக்கும். இறக்கிவிட்டால் மூக்குக்கும் அச்சுக்கும் நடுவில் கை நுழையாது. அப்புறம் இறக்கி இறுக்கிக்கொள்ளலாம் என்று முதலில் இறுக்குவார்கள். அப்புறம் என்பது வராது.

மாமா வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் இறுக்கினேன்" என்றார். "பட்டை மட்டும் இல்ல. இதுவும்தான்."

 அவர் கிரீஸ் படிந்த கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எட்டுப் போல்ட்டுகளையும் தளர்த்தினார். வண்டியை ஒரு நடை முன்னும் பின்னும் உருட்டி உட்கார வைத்தார். நுழையாத இடுக்கில் கையை நுழைத்து, விரல் முட்டிகளில் தோல் உரிய, ஒவ்வொன்றாக இறுக்கினார். அன்று மாலை தண்ணீர் அறுநூற்று எழுபது மிஞ்சியது. அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்கு மேல போறேன். அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிடணும்" என்றார்.

"ஒன்றரை வருஷமா சொல்லாததையா?" என்று அத்தை கேட்டார்.

"ம்."

வெள்ளிக்கிழமை மதியம் போனோம். பெரியம்மா ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் முகத்தைத் திருப்பி, எங்கே என்று தேடி, "வந்தியா? முதல்ல இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடு" என்றார். எங்கள் குடும்பத்தில் வரவேற்பு இப்படித்தான். கோத்துக் கொடுத்தேன். மாமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு ஆபரேஷன், அக்கா."

"காலண்டர் தெரியலன்னாலும் தேதி தெரியும் எனக்கு."

மாமா சொல்ல ஆரம்பித்தார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சிமென்ட் ஏற்றுவதற்காக இரண்டு பட்டை சேர்த்தது, அது குறைந்த பாரத்தில் வளையாதது, போல்ட்டைத் தொங்கலில் இறுக்கியது, ரப்பர் முறுக்கிக்கொண்டது, அதனால்தான் அத்தானின் தலை அப்படி இடித்தது, அது முழுக்கத் தன் தப்பு. கைகளை வளைத்துப் பட்டை எப்படி வளையும் என்று காட்டினார். பெரியம்மாவுக்கு அது தெரிந்திருக்காது. அவர் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தார். ஒரு சட்டைக் கை முடிந்தது. நூலைப் பல்லால் கடித்தார்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"பட்டை, போல்ட்டு, ரப்பரு. உன் வண்டியைப் பத்தி என்னிக்காவது நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"அன்னிக்கு நான் உன்கிட்ட என்ன சொன்னேன்?"

வாசல் நிலையில் மாமாவின் பிடி இறுகியது.

"மெதுவா போன்னு சொன்னேன். ஒரு தடவை இல்ல. அந்தத் தகரத்தைத் தட்டித் தட்டிச் சொன்னேன். உனக்குக் கேட்டுச்சா, கேக்கலயா?"

எஞ்சின் சத்தம் என்று மாமா சொல்லலாம். அந்த ஜீப்பின் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று யாராக இருந்தாலும் நம்புவார்கள். நானே நம்பியிருப்பேன்.

"கேட்டுச்சு" என்றார்.

"அப்புறம்?"

"மேல மழை பிடிச்சிருந்துது. ஓடையில தண்ணி ஏறிட்டா வண்டி அந்தப் பக்கம் போகாது. அத்தானை வச்சுக்கிட்டு விடிய விடிய ஓடைக்கரையில நிக்கணும். அதுக்குள்ள கடந்துடணும்னு..."

"அதை என்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஒரு தடவை திரும்பியாவது பார்த்தியா?"

"இல்ல, அக்கா."

"சொல்லியிருந்தா நானே போன்னு சொல்லியிருப்பேன். வாரை அவுத்துட்டு அவரை மடியில தூக்கி வச்சிருப்பேன். ஒரு வார்த்தை. நீ பாட்டுக்கு மூட்டை ஏத்திட்டுப் போற மாதிரி ஓட்டின. பின்னாடி ரெண்டு மூட்டை. ஒண்ணு செத்தது, ஒண்ணு கத்துறது."

 மெஷின் சக்கரம் அரைச்சுற்று தானாகச் சுற்றி நின்றது. மாமா இருபது நாளாகக் கழற்றி மாட்டியதில் பெரியம்மா கேட்டது எதுவும் இல்லை. அது அவருக்கு அந்த இடத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் அந்தச் சொல் எப்போதும் புழங்கியதாக எனக்கு நினைவில்லை.

பெரியம்மா அடுத்த துணியை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்து மடித்தார். இன்னொன்றையும் மடித்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும். நான் லீவு போட்டுட்டு ஏழரைக்கு வந்துடறேன்."

"முன்னாடி உக்கார மாட்டேன். பின்னாடிதான் உக்காருவேன்."

"சரி."

"நிறுத்துன்னா நிறுத்தணும். ஏன்னு கேக்கக் கூடாது."

"சரி, அக்கா."

சனிக்கிழமை காலை பெரியம்மா ஒரு துணிப்பையோடு ஏறி, அன்றைக்கு உட்கார்ந்த அதே பக்கப் பலகையில் உட்கார்ந்தார். நான் எதிரே. முன்பக்கத் தகட்டைக் கையால் ஒரு முறை தொட்டுப் பார்த்தார். வண்டி கிளம்பி நூறு அடி போயிருக்காது. "நிறுத்து" என்றார்.

மாமா நிறுத்தினார். பெரியம்மா ஒன்றும் செய்யவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம் கழித்து, "போ" என்றார்.

வளைவில் மறுபடி நிறுத்தச் சொன்னார். சரிவில் ஒரு முறை. பலாமரத்தடியில் ஒரு முறை. ஜீப் மெதுவாக, தொட்டில்போல இருபக்கமும் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. அவர் எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு முறையும் மாமா காரணம் கேட்காமல் நிறுத்தி, திரும்பி அவர் முகத்தைப் பார்த்து, அவர் சொல்லும்வரை காத்திருந்தார். ஐந்தாவது முறை நிற்கும்போது பால் வண்டி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. ஓட்டுநர் தலையை நீட்டி, "என்ன ஜாக்கி, படுத்துடுச்சா?" என்றார்.

"இல்ல. அக்கா நிக்கச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"தெரியாது" என்று மாமா வண்டியை ஓரத்தில் ஒதுக்கி அவருக்கு வழிவிட்டார்.

ஓடைக்கு வந்தோம். கோடைத் தண்ணீர்தான், ஆனாலும் பாதிச் சக்கரத்துக்கு இருந்தது. முன்னைவிட ஜீப் ஒரு சாண் தாழ்ந்திருப்பதால், தண்ணீர் தரைப்பலகையின் அடியை நக்கிக்கொண்டு போனது. மலைத்தடத்தில் ஓட்டுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, தண்ணீரில் இறங்கினால் நடுவில் நிற்காதே என்பதுதான். நின்றால் சக்கரத்தின் அடியில் மணல் கரையும். புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறும். எஞ்சின் அணைந்தால் திரும்பக் கிளம்புமா என்பது யாருக்கும் தெரியாது.

நடு ஓடையில் பெரியம்மா, "நிறுத்து" என்றார்.

மாமா நிறுத்தினார். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. பெரியம்மா தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"சத்தமா இருக்கு. அணைச்சுடு."

மாமாவின் கை சாவியில் இருந்தது. நான் அவர் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாவியைத் திருப்பினார்.

தண்ணீர் சக்கரங்களைச் சுற்றிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. பின்பக்கம் லேசாகத் தாழ்வதை நான் உணர்ந்தேன். மாமாவும் உணர்ந்திருப்பார். அவர் உடம்பை முழுவதும் திருப்பி, இருக்கையின் முதுகில் கையை வைத்து, தன் அக்காவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெரியம்மா அழவில்லை. பெரியப்பா அன்று படுத்திருந்த இடத்தில், ஸ்ட்ரெச்சர் இல்லாத வெறும் பலகையில், உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார்.

மணி ஒன்பது ஆகியிருந்தது.

"மேல மழைன்னு அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லியிருக்கலாம், அக்கா."

 பெரியம்மா பலகையிலிருந்து கையை எடுத்து, துணிப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"போ. டாக்டர் கத்தப் போறாரு."

முதல் தடவை எஞ்சின் இருமிவிட்டு நின்றது. இரண்டாவது தடவையும். மாமா சாவியை விட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தார். மூன்றாவது தடவை பிடித்தது. புகைக்குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. சக்கரங்கள் மணலில் ஒரு சுற்று வழுக்கி, கல்லைப் பிடித்து, அக்கரை ஏறின. தார் தொடங்கும் இடம் வரை பெரியம்மா நிறுத்தச் சொல்லவில்லை. பத்தேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் மாமா இறங்கி வந்து, அவர் இறங்கக் கையை நீட்டினார். பெரியம்மா எங்கே என்று துழாவி, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.